ஓடக்கரையில் ஒரு காலை உணவு

பருத்தித்துறைக்குப் போய்வருவோர் மூன்று பொருள்களைக் கண்டோம் என்று சொல்வர். கடலோரத்து வெளிச்சவீடு ஒன்று. வல்லிபுர ஆழ்வார் கோயில் இரண்டாவது. திரும்புகையிற் பொதி பொதியாக வாங்கிவரும் தட்டை வடை மூன்றாவது. இம்மூன்றைப் பற்றியும் எழுதினோர் பலர். நாம் இங்கு எழுதப் புகுந்தது அவ்வூரின் காலைத் தோசையைப் பற்றி. பகற்பொழுதிற் பஸ் வண்டியேறி வந்து மாலையில் திரும்புவோர் அதனை உள்ளவாறு காணுதல் அரிது. நாம் கண்ட கடையில் அது விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும் காரியம். ஆதலால் முதல்நாளே சென்று அங்குத் தங்குதல் வேண்டும்.

பாடசாலை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், உயர்தர வகுப்பிற் படிக்கும் எம் மகனையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். எம்முடன் பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவர் மந்திகையில் இருக்கின்றார். அவரும் ஆசிரியரே. “ஒரு நாளாவது எங்கட பக்கத்துத் தோசையை வந்து சாப்பிடும்” என்று பல ஆண்டுகளாக எம்மை அழைத்துக்கொண்டிருந்தவர் அவர். யாழ்ப்பாண நகரத்தில் இல்லாத தோசையா என்று நாம் பதில் சொல்லிக் காலத்தைக் கடத்தி வந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தூரம். இருபாலையும் கோப்பாயும் கடந்ததும் தெருவின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள் தோன்றுகின்றன. நீர்வேலிக்கு வாழை அழகு. சிறுப்பிட்டியைக் கடக்கையில், ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர் இது என்று மகனுக்குச் சொன்னோம். அவன் “ஓம் அப்பா” என்று சொல்லிவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியரின் பிள்ளைகளுக்கு இத்தகைய தொல்லைகள் பழகிப்போனவை.

புத்தூரும் ஆவரங்காலும் கழிந்தால் வல்லை வெளி. மரமும் மனையும் இன்றிப் பரந்து கிடக்கும் உவர்நிலம் அது. ஒருபுறம் தொண்டைமானாற்று நீரேரி கிடக்கின்றது. காற்று ஓயாது வீசும். தெருவோரத்து முனியப்பர் கோயிலிற் சாரதிமார் வண்டியை மெதுவாக்கிக் காசு போட்டுச் செல்வர். இந்த வெளியே வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கின்றது. குடாநாடு சிறியதுதான், ஆயினும் வல்லையைக் கடந்தால் பேச்சின் ஓசையிலும் கறியின் உறைப்பிலும் சிறு மாற்றம் இருப்பதை அறிந்தோர் அறிவர். வடமராட்சியார் அம்மாற்றத்தைத் தங்கள் பெருமையாகவே கொள்வர். எம் நண்பரும் அதற்கு விலக்கல்லர்.

மறுநாட் காலை ஐந்து மணிக்கு அவர் எம்மை எழுப்பினார். மகனை எழுப்புதற்கு மேலும் பத்து நிமிடம் சென்றது. முச்சக்கர வண்டியொன்றிற் பட்டினத்தை அடைந்தபோது கடற்பக்கம் மட்டும் சற்று வெளுத்திருந்தது. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் சைக்கிள்கள் இரண்டொன்று எதிர்ப்பட்டன. மற்றப்படி ஊர் உறக்கத்தில் இருந்தது.

ஓடக்கரை என்பது பட்டினத்துக்குள்ளேயே அமைந்த ஒடுங்கிய ஒழுங்கை. இங்குள்ள வீடுகளிற் பெண்கள் தோசையும் அப்பமும் சுட்டு விற்பது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. மதிலிலோ தகரவேலியிலோ ஒரு சிறு திறப்பு இருக்கும். அதனூடாகக் காசு உள்ளே போகும். சற்று நேரத்தில் கடதாசியிற் சுற்றிய தோசை வெளியே வரும். உள்ளே சுடுபவரின் முகத்தைக் காணாமலே பல ஆண்டுகள் வாங்கியுண்டோர் இருக்கின்றனர் என்றார் நண்பர்.

அவர் எம்மை அழைத்துச் சென்ற வீட்டில் இருந்துண்ணவும் வசதியுண்டு. அதனைக் கடை என்பதா வீடு என்பதா என்பது எமக்கு இன்னும் தெளிவில்லை. முன் விறாந்தையில் ஒரு நீள மேசை, இருபுறமும் இரண்டு வாங்குகள், மூலையில் தண்ணீர்க் குடம், சுவரிற் பிள்ளையார் படம். விறாந்தைக்கு அடுத்தாற்போலக் குசினி. இடையிற் கதவில்லாமையால் அடுப்படியில் நடப்பவை யாவும் எம் கண்முன்னே நடந்தன. மூன்று அடுப்புகள், மூன்றிலும் விறகு. அவற்றின் முன் பலகையில் இருந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார். அருகில் முப்பது வயதளவான பெண்ணொருத்தி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ சேர், இருங்கோ. ஆர் தம்பி இவர்? யாழ்ப்பாணமோ?” என்று அம்மையார் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பின்னர் எம் மகனைப் பார்த்து, “பிள்ளை நித்திரை முறியேல்லைப் போல” என்று சிரித்தார்.

தோசை என்ற பெயர் ஒன்றாயினும் இந்தியாவிற் கடைகளிலே கிடைக்கும் தோசையும் எங்கள் தோசையும் வேறு வேறு. அங்கே அரிசியும் உழுந்தும் அரைத்து மெல்லிதாக வார்த்து, முறுகலாகச் சுட்டுச் சுருட்டித் தருவர். எங்கள் தோசை சற்றுத் தடித்தது, உள்ளங்கை இரண்டை விரித்த அளவினது, மஞ்சள் நிறமானது. வெந்தயம் சேர்த்து ஊறவைத்த உழுந்தை அரைத்து, அதனுடன் அவித்த கோதுமை மாவைக் கலந்து, இரவு முழுவதும் புளிக்க விடுவர். காலையிற் சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயில் தாளித்து மாவிலே கொட்டி, மஞ்சளும் உப்பும் இட்டுக் கலக்குவர். தாளிதம் தோசைக்கு உள்ளேயே இருப்பதால் சம்பல் இல்லாமலும் உண்ணலாம். சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் முதன்முறை இதனைக் கண்டு, ஏதோ அடை வகை என்று எண்ணிக்கொண்டதை நாம் கண்டிருக்கின்றோம்.

அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா எங்ஙனம் வந்தது என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. இரண்டாவது உலகப் போரின்போது, 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது; கோதுமை மா வீடுகளுக்குள்ளே புகுந்தது. முதியோர் சிலர் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே வழங்குவர். போர் முடிந்தும் மா போகவில்லை. எங்கள் பெண்கள் அதனை அவித்து அரித்துப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் தோசைக்கும் ஏற்றதாக ஆக்கிக்கொண்டனர். பஞ்சத்துக்கு வந்த பொருள் பழக்கமாகி, பின்பு பாரம்பரியம் என்ற பெயரையும் பெற்றுவிட்டது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. மிளகாயும் கடல் கடந்து வந்ததுதானே.

எம் முன்னால் வாழையிலைத் துண்டில் இரண்டிரண்டு தோசை வந்தன. பக்கத்தில் இருவகைச் சம்பல். ஒன்று செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பழப்புளியும் சேர்த்து அம்மியில் அரைத்த சிவப்புச் சம்பல். மற்றது பச்சை மிளகாயிட்ட வெள்ளைச் சம்பல். தோசையின் மேற்புறம் தேன்கூடு போலக் கண்கண்ணாக இருந்தது. கிள்ளி வாயிலிட்டபோது முதலில் வந்தது மெல்லிய புளிப்பு. அதன் பின் வெந்தயத்தின் கைப்பு, மிகச் சிறிது. கடைசியில் தாளித்த வெங்காயத்தின் இனிப்பு. சிவப்புச் சம்பலின் உறைப்பு இவற்றையெல்லாம் கூட்டிக் கொண்டுபோய்க் காதுமடலில் நிறுத்திற்று. விறகுப் புகையின் மணமும் சற்றுக் கலந்திருந்தது. அதனை விரும்பாதோர் உண்டு. எமக்கு அது பிடிக்கும்.

நகரத்துச் சைவக் கடைகளில் நெய்த்தோசையே வேண்டுமென்று கேட்கும் எம் மகன், இரண்டை முடித்து மூன்றாவதைக் கேட்டான். பிறகு நான்காவதையும் கேட்டான். அம்மையார், “வளருற பிள்ளை, சாப்பிடட்டும்” என்று கேளாமலே ஐந்தாவதை இலையில் வைத்தார். நண்பர் எம்மைப் பார்த்தார். அவருடைய வெற்றியை நாம் வாய்திறந்து ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டார் போலிருந்தமையால், “சரி, நல்லாத்தான் இருக்கு” என்றோம்.

நாம் உண்டுகொண்டிருந்த அரைமணி நேரத்தில் வந்துபோனோரைக் கவனித்தோம். முதலில் வந்தவர்கள் மேசன் வேலைக்குப் போகும் மூவர். நின்றபடியே உண்டு, பிளேன்ரீ குடித்துச் சென்றனர். பின்னர் வலைகாரர் ஒருவர் இருபது தோசை கட்டுவித்துக்கொண்டு போனார். வெளியூரிலிருந்து வந்து இங்குள்ள அரச கந்தோர் ஒன்றில் வேலைபார்க்கும் இளைஞர் இருவர். தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நால்வர். இவையெல்லாம் எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் காணக்கூடியவை.

ஆயின் மேசையின் ஒரு கோடியில் ஏழெட்டுத் தூக்குச் சட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் வெவ்வேறு நிறத் துணி கட்டியிருந்தது. அம்மையார் இடையிடையே அவற்றில் இரண்டு, மூன்று என்று தோசை எடுத்து வைத்தார். ஒன்றிற்கு வெள்ளைச் சம்பல் மட்டும். ஒன்றிற்குத் தோசையை முறுகவிடாமல் மெத்தென்று சுட்டு வைத்தார். இவை யாருக்கு என்று கேட்டோம்.

நண்பர் சொன்னார்: “இதெல்லாம் தனிய இருக்கிற ஆக்களுக்கு. பிள்ளையள் எல்லாம் வெளியில.”

இதைக் கேட்டதும் ஊரின் மற்றொரு தோற்றம் எமக்குப் புலப்பட்டது. முதல்நாள் மாலை மந்திகையில் உலாவச் சென்றபோது பெரிய கல்வீடுகள் பலவற்றைக் கண்டோம். புதிதாக வர்ணம் பூசிய மதில், இரும்புப் படலை, முற்றத்தில் ஒரே ஒரு மின்விளக்கு. அவற்றுள் சில பூட்டிக் கிடந்தன. பிறவற்றில் எழுபது, எண்பது வயதினர் ஒருவரோ இருவரோ வாழ்கின்றனர். மக்கள் கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் இருக்கின்றனர். காசு வருகின்றது; நாள்தோறும் தொலைபேசி வருகின்றது. ஆனால் தனியொருவருக்காக உழுந்து ஊறவைத்து அரைத்துத் தோசை சுடுவதற்குக் கையில் வலுவில்லை; வலுவிருந்தாலும் மனமில்லை. அத்தகைய வீடுகளிற் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை. சைக்கிளில் வரும் பையன் ஒருவன் இத் தூக்குச் சட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, முதல்நாட் சட்டிகளைத் திருப்பிக் கொண்டுவருகின்றான்.

“அந்த மெத்துத் தோசை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தருக்கு. பல்லில்லை. எனக்கு ரெண்டாம் வகுப்புப் படிப்பிச்சவர்” என்றார் அம்மையார்.

அவர் இத்தொழிலுக்கு வந்த வரலாற்றை நாம் கேட்கவில்லை; அவரே சொன்னார். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்ததை இப்பத்திரிகை வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எமக்கு அப்பொழுது பதினைந்து வயது. எங்கள் குடும்பம் தென்மராட்சிப் பக்கம் சென்றது. வடமராட்சிக்கு வந்தோர் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தெரிந்தவர் வீட்டு விறாந்தைகளிலும் தங்கினர். மழைக்காலம். சமைக்க இடமில்லை; பாத்திரமில்லை; மண்ணெண்ணெய்க்கும் பெருந் தட்டுப்பாடு. அவ்வேளையில் இவ்வம்மையார் மூன்று சிறு பிள்ளைகளுடன் இருந்தார். கணவர் அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

“பக்கத்துப் பள்ளிக்கூடத்தில இருந்த சனத்தில ஒரு தாய் வந்து, பிள்ளைக்கு ரெண்டு தோசை சுட்டுத் தர ஏலுமோ, காசு தாறன் எண்டு கேட்டா. அண்டைக்கு எங்களுக்குச் சுட்டதைக் குடுத்தன். அடுத்த நாள் பத்துப்பேர் வந்து நிண்டினம். அப்பிடித்தான் துவங்கினது.”

உழுந்து கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. நிவாரண மாவே பெரும்பகுதி, உழுந்து பெயருக்கு. “அந்தத் தோசை றப்பர் மாதிரி இருக்கும் தம்பி. ஆனாலும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை” என்று அவர் சொன்னபோது எம் மகன் உண்பதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். எம் வாயால் அவன் இக்காலத்துக் கதைகளைப் பலமுறை கேட்டிருக்கின்றான். தோசைக் கல்லின் முன்னிருந்து ஒருவர் சொல்லக் கேட்பது வேறு.

போர் முடிந்த பின்னரும் அடுப்புக்கு அமைதி கிட்டிற்று என்று சொல்வதற்கில்லை. 2020 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி முடையினால் அரசாங்கம் பல பொருள்களின் இறக்குமதியை மட்டுப்படுத்திற்று. அவற்றுள் உழுந்தும் மஞ்சளும் இருந்தன. வன்னியில் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் உழுந்து விளைகின்றது. ஆயினும் நாட்டின் தேவை முழுவதற்கும் அது போதாது. விலை பன்மடங்காயிற்று. மஞ்சளோ கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறி, இந்தியாவிலிருந்து கடல்வழியே களவாகக் கொண்டுவரப்படும் பண்டமாயிற்று. மஞ்சள் மூட்டையுடன் படகுகள் பிடிபட்ட செய்தி அந்நாளிற் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. எங்கள் தோசைக்கு இவ்விரண்டுமே இன்றியமையாதவை. அவர் சில மாதம் மஞ்சளில்லாத வெள்ளைத் தோசை சுட்டாராம். “சனம் சாப்பிட்டுது. ஆனால் எனக்குக் கல்லைப் பார்க்கவே பிடிக்கேல்லை.”

அதனைத் தொடர்ந்து 2022 வந்தது. பன்னிரண்டரைக் கிலோ சமையல் எரிவாயு உருளையின் கொழும்பு விலை 2021 ஐப்பசி தொடக்கத்தில் 1493 ரூபா. 2022 சித்திரை மாதம் அது 4860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் உருளை கிடைக்கவில்லை. நீண்ட வரிசைகளில் மக்கள் நாட்கணக்காக நின்றனர். கோதுமை மாவும் ஏறிற்று. அப்போதுதான் இவ்வீட்டில் வாயு அடுப்பு ஒதுக்கப்பட்டு விறகடுப்புத் திரும்பி வந்தது. பனம்மட்டை, பொச்சு, ஊமல் என்று ஊரிற் கிடைப்பவற்றைக் கொண்டு எரித்தனர். இப்போது வாயு தாராளமாகக் கிடைக்கின்றது. ஆயினும் விறகைத் தாம் விடவில்லை என்றும், அடுத்த தட்டுப்பாடு எப்போது வருமென்று யாருக்குத் தெரியும் என்றும் அம்மையார் சொன்னார்.

தோசை ஒன்று முப்பது ரூபாவுக்கு விற்றார். நகரத்துக் கடைகளில் இதன் மும்மடங்கு வாங்குவர். இவ்விலையில் என்ன மிஞ்சும் என்று கேட்டோம். “மேசன் பொடியன் ஆறு தோசை சாப்பிட வேணும் தம்பி. விலையைக் கூட்டினால் நாலோட எழும்பிப் போயிடுவான். பிறகு பின்னேரம் மட்டும் எப்பிடிச் சீமெந்து தூக்குவான்?” என்றார்.

இதன்பொருட்டு நண்பருக்கும் எமக்கும் அங்கேயே ஒரு வாதம் எழுந்தது. அண்மைக் காலத்தில் வெளிநாட்டவரும் தென்னிலங்கையாரும் இவ்வொழுங்கையைத் தேடி வருகின்றனர். புகைப்படக் கருவியுடன் வந்து தோசையையும் அடுப்பையும் படமெடுக்கின்றனர். கேட்ட காசைக் கொடுக்கின்றனர். பருத்தித்துறை வடை உறைப்பும் மொருமொருப்புமாகப் பல நாட் கெடாமல் இருப்பதால் விமானமேறிக் கனடா வரைக்கும் செல்வதைப்போல, இத்தோசைக்கும் ஒரு பெயரும் நல்ல விலையும் வரட்டுமே என்பது நண்பரின் கட்சி. உழைக்கின்ற பெண்கள் நாலு காசு கூடக் காண்பதிற் பிழையென்ன என்று கேட்டார். பிழையில்லைத்தான். ஆனால் வடை பெட்டியிலிட்டு அனுப்பும் பண்டம்; தோசை கல்லிலிருந்து இறக்கிய நாழிகைக்குள் உண்ண வேண்டியது. அதன் விலையை வருவோர் போவோர் தீர்மானிக்கத் தொடங்கினால், ஒழுங்கையில் இருப்போர் எங்கே போவர்? தூக்குச் சட்டிகள் எங்கே போகும்? இரண்டு விலை வைக்கலாமே என்றார் நண்பர். அடுப்படியிலிருந்த இளம்பெண் இதைக் கேட்டு, “ஒரே மாத்தோசைக்கு ரெண்டு விலையோ சேர்?” என்றாள். நண்பர் வாயடைத்துப் போனார்.

இப்பெண் அம்மையாருக்கு உறவினளல்லள். இரண்டு வீடு தள்ளியிருப்பவள். இரண்டு ஆண்டுகளாக வந்து உதவுகின்றாள். அம்மையாரின் மூத்த மகன் கனடாவில் இருக்கின்றார். மகள்மார் இருவரும் படித்து உத்தியோகம் பார்க்கின்றனர். ஒருவர் வவுனியாவிலும் மற்றவர் கொழும்பிலும். மூவரையும் படிப்பித்தது இந்தக் கல்லுத்தான். மூவருக்கும் இப்போது ஒரே வேண்டுகோள், அம்மா இதை நிற்பாட்ட வேண்டும் என்பது. நாம் இருந்தபோதே மகனிடமிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியைச் சுவரோரமாக நிறுத்திவைத்து, ஒரு கையால் மாவை வார்த்தபடியே அவர் பேசினார்.

“இப்பவும் அடுப்படியிலயோ அம்மா? முழங்காலுக்கு என்னெண்டு டொக்டர் சொன்னவர்?”

“சொன்னவர், சொன்னவர். நீ சாப்பிட்டியோ?”

“கதையை மாத்தாதேங்கோ. மாதம் மாதம் அனுப்புறன்தானே. அது காணாதே?”

“காசு காணும் ராசா. காசை ஆர் கேட்டது?”

அதற்குமேல் மகனாற் பேச இயலவில்லை. அவருக்கு அங்கே இரவு. வேலை முடிந்து வந்திருந்தார். திரையில் தெரிந்த முகத்திற் களைப்பு இருந்தது. தாயின் முழங்கால் வீங்கியிருந்ததை நாமும் கண்டோம். பலகையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்தே எழுந்தார். நாலு மணிக்கு எழுந்து புகையினுள் அமர்ந்து முந்நூறு தோசை சுடுவது அறுபத்தைந்து வயதில் தகுமா என்று கேட்டால், தகாது என்றே எவரும் சொல்வர். மகன் கேட்பது நியாயம். ஆயின் தாய் ஓய்ந்தால் அந்தத் தூக்குச் சட்டிகளுக்குரிய ஏழெட்டு வீட்டிலும் காலையில் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததன்று. அவ்வீடுகளின் பிள்ளைகளும் அவரைப் போலவே அங்கிருந்து தொலைபேசியிற் பேசுகின்றவர்கள்தாமே.

‘படி, படித்தால் இந்தப் புகைக்குள் இருக்க வேண்டியதில்லை’ என்று எங்கள் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கின்றோம். அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஓடக்கரையிலே தோசை சுட்ட கைகள் தங்கள் பிள்ளைகளின் கையில் அகப்பையைக் கொடுக்க விரும்பியதில்லை. ஆதலால் இத்தொழில் தாயிடமிருந்து மகளுக்குப் போவது குறைந்து, அயலிலுள்ள இன்னொரு தேவைப்பட்ட பெண்ணிடம் போகின்றது. முன்பு அம்மையாருக்கு நேர்ந்தது போன்ற ஏதோவொன்று அவளுக்கும் நேர்ந்திருக்கக் கூடும். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு; பெரியவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாளாம். நாம் ஆசிரியர் என்றறிந்ததும் அவள் எம்மிடம் கேட்டது தோசையைப் பற்றியன்று. கடந்தகால வினாத்தாள்களுக்கு எந்தப் புத்தகம் நல்லது என்பதையே. எழுதிக் கொடுத்தோம். நண்பர் தம்மிடமுள்ள புத்தகத்தைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

“இவள் மாப்பதம் பிடிச்சிட்டாள். இன்னும் சம்பலில உப்புத்தான் கொஞ்சம் முந்துது” என்றார் அம்மையார்.

“நீங்கள் புளி கூடப் போடுறியள் அக்கா” என்றாள் அவள்.

எட்டரை மணிக்குச் சைக்கிட் பையன் வந்து தூக்குச் சட்டிகளை இரு பிடிகளிலும் மாட்டிக்கொண்டு புறப்பட்டான். அவனைப் பின்தொடர்ந்து வாத்தியார் வீடு வரை போய்ப் பார்க்கலாமா என்று எம் மகன் கேட்டான். அழையாதார் வீட்டுக்கு அவ்வாறு போவது முறையன்று என்றோம். ஆயினும் சந்தி மட்டும் அவனோடு சென்று, பையன் முதலாவது படலையில் மணியடிப்பதையும், நெடுநேரம் சென்றபின் ஒரு முதியவள் வந்து கொளுக்கியை நீக்குவதையும் பார்த்துவிட்டுத் திரும்பினான். “ஆச்சி அந்தப் பெடியனோட கன நேரம் கதைக்கிறா” என்று வந்து சொன்னான்.

நாம் காசு கொடுக்கும்போது பிள்ளை உண்ட ஐந்தாவது தோசைக்கு அம்மையார் காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கென்று பத்துத் தோசை கட்டித் தந்தார். ஆறினால் நன்றாயிராது, போனவுடன் கல்லிற் போட்டுச் சூடாக்கும்படி அக்காவிடம் சொல்லுங்கோ என்று எம் மனைவிக்குச் சொல்லியனுப்பினார். ஒன்பது மணியளவிற் கடைசிக் கல்லும் இறக்கப்பட்டது. அடுப்பிற் கிடந்த கொள்ளிகளைத் தண்ணீர் தெளித்து அணைத்து, நாளைக்கென்று ஒருபுறம் அடுக்கினார்கள். இளம்பெண் பெரிய சருவச்சட்டியில் உழுந்தை அளந்து போட்டு, ஒரு பிடி வெந்தயமும் இட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள்.